அடுத்த மேட்ச் என்றைக்கு?

1

பசுமலையில் பொழுது விடிவது முதலில் காதுக்குத்தான் தெரியும். திருப்பரங்குன்றம் தாண்டி மதுரைக்குள் நுழையும் ரயிலின் ஊதல் குன்றில் பட்டுத் திரும்பும். அதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன். தென்கால் கண்மாய்க் கரைவரை போய்த் திரும்புவது பல வருடப் பழக்கம். போகிற வழியில் ஒரு பொட்டல். கருவேலம் வெட்டிச் சீராக்கிய தரை. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுக் கோல் போஸ்ட். வலை கிடையாது. ஆறு மணிக்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் அங்கே பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள்.

போன வாரம் அவர்களில் ஒருத்தி, பத்தாம் வகுப்பு இருக்கும், ஓரமாக உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் டோர்னமெண்ட்டுக்குப் போய் வந்திருந்தார்கள்.

"எப்படிம்மா ஆடுனீங்க?"

"ஒரே மேட்ச்தான் தாத்தா. முதல் ரவுண்டுலயே போச்சு."

"அடுத்த மேட்ச் என்னைக்கு?"

முடிச்சை இழுத்து இறுக்கினாள். "தெரியல தாத்தா. யாராச்சும் டோர்னமெண்ட் வெச்சா கூப்பிடுவாங்க."

எழுந்து ஓடிவிட்டாள். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தத் 'தெரியல' கண்மாய்க்கரைவரை என்னோடு வந்தது. வீடு திரும்பியதும் இந்த நோட்டை எடுத்தேன்.

2

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாக்-அவுட் போட்டிக்குப் பதினாறு அணி வருகிறது. மொத்தம் 15 ஆட்டம். முதல் ரவுண்டோடு 8 அணி ஊர் திரும்பும். அதாவது வந்தவர்களில் சரிபாதிப் பேருக்கு ஒரே ஓர் ஆட்டம். வேன் வாடகை, சாப்பாடு, புதுச் சட்டை, வீட்டில் கெஞ்சி வாங்கிய அனுமதி எல்லாம் அந்த ஓர் ஆட்டத்துக்குத்தான்.

எட்டு அணிகள் லீக் முறையில் ஒவ்வொருவரோடும் இருமுறை மோதினால் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம். முதலிடத்துக்கும் பதினான்கு, கடைசி இடத்துக்கும் பதினான்கு. போன ஞாயிறு ஆறு கோல் வாங்கிய கீப்பர் இந்த ஞாயிறும் கையுறை மாட்டலாம்.

கோப்பைப் போட்டி தோற்றவரை வழியனுப்பி வைக்கும். லீக், தோற்றவரையும் 'அடுத்த வாரம் வா' என்று கூப்பிடும். ஆட்டம் கற்றுக்கொள்கிற வயதில் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

3

எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை வேறு மாதிரியும் யோசிக்க வருகிறது.

வைகையிலிருந்து நிலையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு. வரத்துக்கால் தூர்ந்துபோன கண்மாய் என்றால் தலைக்கு மேலே மழை பெய்தால்தான் உண்டு. ஒரே ராத்திரியில் கொட்டி நிரம்பினாலும் நிரம்பும். ஊரே கரையில் வந்து நின்று பார்க்கும். ஆனால் அடுத்த தண்ணீர் எப்போது என்று அந்தக் கரையில் நிற்கிற ஒருவராலும் சொல்ல முடியாது. அதை நம்பி யாரும் நாற்று விட மாட்டார்கள்.

கோப்பைப் போட்டி அந்த ராத்திரி மழை. அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. லீக் என்பது வரத்துக்கால். அதைத் தூர்வாரி வைத்திருக்க வேண்டியது ஊரின் வேலை.

4

சரித்திரமும் இதையேதான் சொல்கிறது.

இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பை 1871-இல் தொடங்கியது. லீக் வந்தது 1888-இல். இடையில் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடமும் கிளப்புகள் பட்ட பாடு இதுதான்: கோப்பையில் தோற்றுவிட்டால் நட்புப் போட்டிகளை நம்ப வேண்டும். எதிரணி கடைசி நேரத்தில் வராமல் போகும். கூடிய கூட்டம் கலைந்து போகும். பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரிகர், ஆஸ்டன் வில்லா கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். 1888 மார்ச் 2 அன்று சில கிளப்புகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். யார் யாரோடு எந்தத் தேதியில் ஆடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதன்படி ஆடிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த செப்டம்பரில் 12 கிளப்புகளோடு உலகின் முதல் கால்பந்து லீக் ஆரம்பமானது.

'அடுத்த மேட்ச் என்றைக்கு?' என்ற கேள்விக்கு ஒரு துணி வியாபாரி கண்டுபிடித்த பதில்தான் லீக்.

அதே 1888-இல் சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. கோப்பை நடத்துவதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. கல்கத்தா லீக் 1898-இலேயே வந்துவிட்டது. ஆனால் நாடு முழுமைக்குமான தேசிய லீக் 1996-இல்தான் வந்தது. சிம்லாவின் முதல் கோப்பையிலிருந்து 108 வருடம். பெண்களுக்கான தேசிய லீக் வர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அதன் முதல் பருவம் 2017 தொடக்கத்தில் நிறைவடைந்தது.

பொட்டலில் அந்தப் பிள்ளை சொன்ன 'தெரியல'வுக்கு இவ்வளவு வயதாகிறது.

5

இப்போது எங்கள் ஊர் அணிக்கு வருகிறேன்.

சேது எஃப்.சி. மதுரையைச் சேர்ந்த மகளிர் கால்பந்து கிளப். இந்திய மகளிர் லீக்கின் முதல் ஆண்டு இறுதிச் சுற்றில் அது இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஜேப்பியார் அணி இருந்தது. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இரண்டாம் ஆண்டில் சேது ஆடியது. மூன்றாம் ஆண்டு பஞ்சாபின் லூதியானாவில்.

2019 மே 5 அன்று தொடக்கம். கத்திரி பிறந்த மறுநாள். மே 14 அன்று இறுதி ஆட்டம். நம் ஊரில் பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் குறைகிற நாட்கள் அவை. பஞ்சாபின் வெயில் நம்முடையதற்கு இளைத்ததில்லை. பன்னிரண்டு அணிகள், இரண்டு பிரிவு. பிரிவில் ஐந்து ஆட்டம், அரையிறுதி, இறுதி. பத்து நாளில் ஏழு ஆட்டம். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி சேதுவின் முன்வரிசையில் இருந்தார். இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று சேது இந்திய சாம்பியன் ஆனது.

மணிப்பூரை வெல்வது என்றால் என்னவென்று பெண்கள் கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அங்கே பெண்களே களமாடி வளர்த்த ஆட்டம் அது. அந்த ஊர் அணியை மதுரை அணி வென்றது.

அந்த மே 14 சாயங்காலம் நான் பைக்காராவில் ஒரு டீக்கடையில் இருந்தேன். ஐ.பி.எல். இறுதி ஆட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பேச்செல்லாம் இன்னும் அதைப் பற்றியேதான். நம் ஊர் அணி ஒன்று இந்தியாவை வென்றிருக்கிறது என்பது எனக்கும் அன்று தெரியாது. மறுநாள் செய்தித்தாளில்தான் பார்த்தேன். அதை இன்றுவரை என் குறையாகவே எண்ணுகிறேன்.

அட்டவணைப்படி சேது வென்றது நாட்டின் முதல் அடுக்கு. நாம் கொடுத்த கவனத்தை வைத்துப் பார்த்தால் கடைசி அடுக்கு. கீழ் டிவிஷன் என்பது போட்டியின் தரத்தால் மட்டும் ஆவதில்லை. பார்க்க யாரும் வராதபோதும் ஓர் அணி கீழ் டிவிஷன் ஆகிவிடுகிறது.

6

பத்து நாள் என்பதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்.

பெயர் லீக். நடந்த விதம் கோப்பைப் போட்டி. ஒரே ஊரில், ஒரே மைதானத்தில், அடுத்தடுத்து ஆட்டம். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஏழு ஆட்டம் ஆடிவிட்டு, பட்டத்தோடு ஊர் திரும்பினால் வருடம் முடிந்தது. கால் மடங்கினால் ஆற நாள் கிடையாது. முதல் ஆட்டத்தில் செய்த தவறைப் பயிற்சியில் சரிசெய்ய வாரம் கிடையாது. மதுரையில் ஒரு சிறுமி கையைப் பிடித்து அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லை.

வென்றவர்களுக்கு மேலே போக வழியும் அந்த வருடம் இல்லை. ஆசிய அளவில் பெண்கள் கிளப் போட்டி 2019 நவம்பரில் தென்கொரியாவில் சோதனையாக நடந்தது. ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நாலு நாட்டுக் கிளப்புகள் மட்டும் ஆடின. அடுத்த பட்டம் வென்ற கோகுலம் கேரளா 2021-இல் ஜோர்டானுக்குப் போய் ஆசியப் போட்டியில் ஆடியது. சேதுவுக்குத் தகுதி இருந்தது, கால்வாய் வெட்டப்படவில்லை.

சேதுவின் சட்டையில் ஆடியவர்களில் ஒருவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது இந்திய அணி வீராங்கனையான அவர் சென்னைச் சாலையில் காவல் பணியில் நின்றார். பருவம் முடிந்தால் பணி, பணி முடிந்தால் பயிற்சி. நம் வீராங்கனைகளின் வருடம் இப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது.

7

2022. புவனேஸ்வர். இந்த முறை கொஞ்சம் நீளம். ஏப்ரல் 15 முதல் மே 26 வரை. 12 அணி, ஆளுக்கு 11 ஆட்டம். பத்து ஆட்டம் முடிந்தபோது சேதுவும் கோகுலமும் பத்தையும் வென்றிருந்தன. கடைசி நாள் இருவரும் நேருக்கு நேர். கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னே. டிரா என்றாலும் பட்டம் அவர்களுக்கு. சேது வென்றே ஆக வேண்டும்.

மூன்றாவது நிமிடத்தில் ரேணு ராணி சேதுவுக்குக் கோல் போட்டார். பிறகு கோகுலம் மூன்று கோல் போட்டது. 3-1.

பத்து வெற்றி, ஒரு தோல்வி, இரண்டாம் இடம். இதை எப்படி எடுத்துக்கொள்வது? கோப்பைக் கண்ணால் பார்த்தால் இறுதியில் தோற்ற அணி. லீக் கண்ணால் பார்த்தால் ஆறு வாரத்தில் பத்து அணிகளை வரிசையாக வென்ற அணி. எனக்கு இரண்டாவது கண்தான் நியாயமாகப் படுகிறது.

வென்ற கோகுலத்துக்கும் அந்த வருடம் இனிப்பாக முடியவில்லை. ஆகஸ்டில் ஆசியப் போட்டிக்கு உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. தடை ஆகஸ்ட் 26 அன்று நீங்கியது. ஆனால் அந்தப் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். பட்டத்தைக் களத்தில் வென்றுவிடலாம். அடுத்த ஆட்டம் நடப்பது களத்துக்கு வெளியே இருப்பவர்கள் கையில் இருக்கிறது.

8

தூரத்து ஊர்க் கதை ஒன்று.

பிராட்ஃபோர்ட் சிட்டி அப்போது இங்கிலாந்தின் நான்காம் அடுக்குக் கிளப். 2012-13 பருவத்தில் லீக் கோப்பையில் விகன், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா என மூன்று பிரீமியர் லீக் அணிகளை வெளியேற்றி வெம்ப்ளி இறுதிக்குப் போனது. 2013 பிப்ரவரி 24. ஸ்வான்ஸியிடம் 5-0 என்று தோற்றது. உலகம் அவர்களைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் அவர்களிடம் ஆட்ட அட்டவணை இருந்தது. வெம்ப்ளியிலிருந்து திரும்பியவர்கள் லீக்கைத் தொடர்ந்தார்கள். ஏழாம் இடத்தில் முடித்து, பிளே-ஆஃப் வழியாக மே 18 அன்று அதே வெம்ப்ளிக்கு மறுபடி வந்தார்கள். நார்தாம்ப்டனை 3-0 என்று வென்று மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். ஐந்து கோல் வாங்கிய புல்லிலேயே மூன்று மாதத்துக்குள் நிமிர்ந்து நின்றார்கள். தோற்ற பிறகும் ஆட ஒரு தேதி இருந்ததால் நடந்தது அது.

இன்னொன்று பிரான்சின் கலே. அதுவும் நான்காம் அடுக்கு. கடைக்காரர்களும் ஆசிரியர்களும் ஆடிய அமெச்சூர் அணி. 2000-இல் பிரெஞ்சுக் கோப்பை இறுதிவரை போய், 90-ஆவது நிமிடப் பெனால்டியில் நாந்த் அணியிடம் 2-1 என்று தோற்றது. நாந்தின் கேப்டன் கலேயின் கேப்டனைக் கூப்பிட்டு இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் நிறையும். ஆனால் அதே கலே கிளப் 2017-இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. ஒரு ராத்திரி மழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பதினேழு வருடத்துக்குக் காணாது.

9

நம் பக்கமும் இதற்குச் சாட்சி இருக்கிறது.

2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஆண்களின் தேசிய லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கின் சாம்பியன் ஆனது. 43 புள்ளி. இரண்டாமிடத்து ஈஸ்ட் பெங்கால் 42. முந்தைய வருடம் எட்டாம் இடத்தில் கிடந்த அணி அது. அடுத்த 66-ஆவது நாள் லூதியானாவில் சேது வென்றது. ஒரே கோடையில் ஆண்களின் ஐ-லீக்கும் பெண்களின் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதைக் கொண்டாடி ஊர் கூடியதாக எனக்கு நினைவில்லை.

2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

சேது நிலைத்து நின்றது. 2023-24 பருவத்தில் மகளிர் லீக் முதன்முறையாக உள்ளூர்-வெளியூர் முறைக்கு மாறியது. 7 அணி, ஆளுக்கு 12 ஆட்டம், டிசம்பர் தொடங்கி மார்ச் வரை. 2024-இல் மகளிருக்கு இரண்டாம் டிவிஷனும் வந்தது. கீழேயிருந்து ஏறி வர ஒரு படி. அடுத்த பருவத்தில் 8 அணி, 14 ஆட்டம். இரண்டிலும் சேது ஆடியது. பத்து நாள் மாதங்களாக விரிந்தது. சேது அந்த இரண்டு பருவத்திலும் பட்டம் வெல்லவில்லை. என்றாலும் 2019-இன் பட்டத்துக்கு இணையான செய்தியாகவே அந்த 12-ஐயும் 14-ஐயும் நோட்டில் எழுதிக் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

10

என் கதையும் ஒன்று உண்டு.

இருபது வயதில் நானும் ஒரு சின்ன அணியில் லெஃப்ட் பேக். சுழற்கோப்பைப் போட்டி நோட்டீஸ் ஒட்டினால் சைக்கிளில் போய்ப் பேர் கொடுப்போம். வருடத்துக்கு மூன்று ஆட்டம், நாலு ஆட்டம். ஒரு முறை அரையிறுதிவரை போனோம். அன்று மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதன்பிறகு ஒருவன் வேலைக்குத் திருப்பூர் போனான். இன்னொருவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்தில் காற்று நிற்காமல் போனது, மாற்றவில்லை. அணி கலைந்துவிட்டது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சண்டை இல்லை, கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அடுத்த மேட்ச் வரவில்லை, அவ்வளவுதான். அணிகள் தோல்வியால் சாவதை நான் பார்த்ததில்லை. காத்திருந்து காத்திருந்துதான் சாகின்றன.

11

இன்று காலை மறுபடி அந்தப் பொட்டலில் நின்றேன். வெயில் குன்றின் உச்சியைத் தொட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை இடது காலால் ஒரே பந்தைத் திரும்பத் திரும்பக் கம்புக்குள் அடித்துக்கொண்டிருந்தாள். வலை இல்லாததால் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். எடுத்து வந்தாள். எந்த ஆட்டத்துக்கு என்று தெரியாமலே அப்படி உழைக்கிற ஒருத்திக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கணக்கு எளிது. திருப்பரங்குன்றம், திருநகர், விளாச்சேரி, பழங்காநத்தம், இப்படிச் சுற்றுப்பட்டில் எட்டுப் பெண்கள் அணி. ஒரு மைதானம். ஞாயிறுக்கு நாலு ஆட்டம். ஆனி கடைசி ஞாயிறில் தொடங்கினால் பதினான்கு ஞாயிறில், ஐப்பசி மழைக்கு முன்னால், 56 ஆட்டமும் முடிந்துவிடும். கோடு போடச் சுண்ணாம்பு, ஒரு விசில், குடிக்கத் தண்ணீர், அடிபட்டால் கட்டுப்போட ஓர் ஆள், பிள்ளைகள் உடைமாற்ற ஓர் அறை. பரிசுப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேதி மாறக் கூடாது.

பள்ளி நடத்துகிறவர்கள், கல்லூரி நடத்துகிறவர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரிடமும் நான் கேட்பது இதுதான். இந்த வருடம் இன்னொரு கோப்பை வாங்குகிற காசில் ஓர் ஆட்ட அட்டவணை அச்சடியுங்கள். பிள்ளைகள் வீட்டுச் சுவரில் அதை ஒட்டட்டும். அடுத்த மேட்ச் என்றைக்கு என்று கேட்டால், அவர்கள் அதைப் பார்த்துத் தேதி சொல்லட்டும்.